எட்டு வருஷம் கழித்து வரும் குறுஞ்செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில், பிள்ளைகள் கையில் புழங்கும் ஜப்பானியப் படக்கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மங்கா என்றாலே வாளும் ரத்தமும் அலறலும்தான், பெற்றோர் அவற்றைப் பிடுங்கி வைத்துவிட்டு நல்ல புத்தகம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் பார்த்த அலமாரிக்குப் பக்கத்து அலமாரியை நான் இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இடம் போதாமல் வெட்டுவதாக இருந்தால், ஃப்ரோல் என்ற கதாபாத்திரத்தைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு 66 வயது. 1979-ல் தொலைபேசித் துறையில் ட்ரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்து, 2019-ல் ஓய்வு பெற்றேன். பாளையங்கோட்டையில் வீடு. என் தங்கையின் பேத்தி பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்தபோது என்னோடு வந்து தங்கினாள். துணிமணி ஒரு பையில் வந்தது, புத்தகம் மூன்று அட்டைப்பெட்டியில் வந்தது. முக்கால்வாசி மங்கா, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில். ஒரு மே மாத மத்தியானம் கரண்ட் இல்லாத நேரத்தில், விசிறிக்கொள்ளத் தோதாக இருந்த ஒல்லியான ஒரு புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்தைத் திருப்பினால், நீங்கள் தப்பான பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டீர்கள் என்று அச்சிட்டிருந்தது. ஜப்பானில் வலமிருந்து இடமாகப் படிப்பார்கள், நமக்கு எது கடைசி அட்டையோ அதுதான் அவர்களுக்கு முதல் அட்டை. சரி என்று திருப்பிப் பிடித்துப் படித்தேன். கரண்ட் எப்போது வந்தது என்றே தெரியவில்லை.

அந்தப் புத்தகத்தின் ஜப்பானியப் பெயர் ‘ஹோஷி நோ கோயே’. நட்சத்திரத்தின் குரல் என்று சொல்லலாம். மகோதோ ஷின்காய் என்பவர் 2002-ல் 25 நிமிஷப் படமாக, பெரும்பாலும் ஒற்றை ஆளாகத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்த கதை அது. 2004-ல் மிஸு சஹாரா அதை மங்காவாக வரைந்தார். மிகாகோ, நொபோரு என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருவர். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ் ஸ்டாப். மிகாகோ விண்வெளிப் படைக்குத் தேர்வாகிப் போய்விடுகிறாள். இருவருக்கும் நடுவே இருப்பது கைபேசிக் குறுஞ்செய்தி ஒன்றுதான். செவ்வாயில் இருக்கும்வரை நிமிஷக் கணக்கில் வந்து சேருகிறது. வியாழனுக்குப் போனதும் முக்கால் மணி நேரம், அதையும் தாண்டினால் மணிக்கணக்கு. கப்பல் ஒரே தாவலில் ஒரு ஒளியாண்டு போய்விடுகிறது, அடுத்த செய்திக்கு ஒரு வருஷம் ஆகிறது. கடைசித் தாவல் சிரியஸ் நட்சத்திரத்துக்கு, 8.6 ஒளியாண்டு. அங்கிருந்து மிகாகோ அனுப்பும் செய்தி அவன் கைக்கு வர எட்டு வருஷமும் 224 நாளும் ஆகும். பதினைந்து வயதில் அவள் தட்டச்சு செய்ததை இருபத்துநாலு வயது இளைஞன் படிக்க வேண்டும்.

இதில் விஞ்ஞானம் என்று சொல்லத்தக்கது ஒரே ஒரு விஷயம்தான். ஒளியைவிட வேகமாக எந்தச் செய்தியும் போக முடியாது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காதல் கதையைக் கட்டியிருக்கிறார்கள். காதலர்களைப் பிரிக்கப் பணக்கார அப்பாவும் வேண்டியிருக்கவில்லை, சாதியும் வேண்டியிருக்கவில்லை. கோபப்படவும் ஆள் இல்லை, காலில் விழவும் ஆள் இல்லை. நொபோரு என்ன செய்வான்? மனசைக் கல்லாக்கிக்கொண்டு காத்திருப்பதை நிறுத்தப் பார்க்கிறான். நிறுத்த முடியவில்லை.

நான் இந்தக் கதையில் இப்படி விழுந்ததற்குக் காரணம் என் வேலை. நாமே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. எல்லா ஊருக்கும் வராத காலத்தில், வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் புக் செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று விதம். பணம் கூடக்கூடக் காத்திருப்பு குறையும். குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேசுவேன் என்றால் பி.பி. கால். கணவன் பம்பாயில் வேலை பார்க்கிறான் என்று சொல்லி, கைக்குழந்தையோடு காலையில் வந்து ஆர்டினரி கால் புக் செய்துவிட்டு விளக்கு வைக்கும் நேரம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். லைன் கிடைத்து, மறுமுனையில் ‘ஆள் வெளியே போயிருக்கிறார்’ என்று சொன்னால் அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியது நான். ஆள் கிடைத்தாலும் மூன்று நிமிஷம்தான். மூன்று நிமிஷம் முடிந்தது, நீட்டிக்கவா என்று கேட்பேன். பாதிப் பேர் அதுவரை குழந்தையின் காய்ச்சலையும் மணியார்டரையும் பற்றி மட்டும்தான் பேசியிருப்பார்கள். சொல்ல வந்தது அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் வரும், அவசர அவசரமாக.

மிகாகோவின் கடைசிச் செய்தியும் அப்படித்தான். கொஞ்ச வரிகள்தான் ஒழுங்காக வந்து சேருகின்றன. அதைப் படித்தபோது ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்த என் பழைய ராத்திரி டியூட்டிகள் நினைவுக்கு வந்தன. சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த பேத்தியிடம், “ஏட்டி, இன்னும் இந்த மாதிரி இருக்கா?” என்றேன். “ஆச்சி, நீங்களா கேக்கீங்க?” என்றாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எங்கள் சாயங்காலப் பேச்சு.

அடுத்து அவள் கொடுத்தது மோதோ ஹாகியோ 1975-ல் வரைந்த ‘பதினோரு பேர் இருக்கிறார்கள்!’ ஹாகியோ 1949-ல் ஓமூதா என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். அந்த வருஷத்தை ஒட்டிப் பிறந்த சில பெண்கள்தான் எழுபதுகளில் ஜப்பானியச் சிறுமிகளுக்கான மங்காவையே மாற்றியவர்கள். 1949 என்பது ஷோவா என்ற பேரரசர் ஆட்சிக்காலத்தின் 24-ஆம் வருஷம் என்ற கணக்கில் அவர்களை ‘இருபத்துநாலாம் வருஷக் குழு’ என்றே சொல்கிறார்கள். இந்தக் கதை வெளிவந்ததும் சிறுமிகளுக்கான மாத இதழில்தான். ரிப்பனும் பள்ளிச் சீருடையும் விளம்பரமாகும் இதழில் பாழடைந்த விண்கப்பல்! 1976-ல் இதற்கு மங்காவுக்கான ஷோகாகுகான் விருது கொடுத்தார்கள். பிற்பாடு 2022-ல் படக்கதைக் கலைஞர்களுக்கான அமெரிக்காவின் ஐஸ்னர் பெருமைப் பட்டியலிலும் ஹாகியோவின் பெயர் சேர்ந்தது.

கதை இதுதான். விண்வெளிக் கல்லூரி நுழைவுத் தேர்வின் கடைசிக் கட்டம். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, கைவிடப்பட்ட கப்பல்களில் 53 நாள் தாக்குப்பிடிக்கச் சொல்கிறார்கள். பொறுக்க முடியாவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தலாம், காப்பாற்ற வருவார்கள். ஆனால் அத்தனை பேரும் ஃபெயில். கப்பலுக்குள் போய் எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர். யாரோ ஒருவர் தேர்வு எழுத வந்தவர் இல்லை. அது யார் என்று நான் சொல்லமாட்டேன், படிக்கப் போகிறவர்களின் சுகத்தைக் கெடுக்கக் கூடாது. எனக்குச் சொல்ல வேண்டியது ஃப்ரோலைப் பற்றி.

ஃப்ரோல் பிறந்த கிரகத்தில் குழந்தைகள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பெரியவர்களாகும்போதுதான் ஒன்றாக ஆகிறார்கள். மூத்த பிள்ளை ஆணாவான், மற்றவர்கள் பெண்ணாக வேண்டும் என்பது அங்கே கட்டுப்பாடு. ஃப்ரோல் மூத்த பிள்ளை இல்லை. பெண்ணாகி, பக்கத்துப் பிரபுவின் பல மனைவிகளில் ஒருத்தியாகப் போக வேண்டியதுதான் விதி. ஒரே ஒரு விலக்கு, இந்தத் தேர்வில் தேறினால் ஆணாகலாம். அதற்காகத்தான் கப்பல் ஏறிய ஆள் ஃப்ரோல்.

இதைப் பேசத் தொடங்கியபோது நாங்கள் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. தமிழில் ஃப்ரோலைப் பற்றி ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியவில்லை. ஃப்ரோல் ஓடினான் என்பதா, ஓடினாள் என்பதா? அவன், அவள் என்ற சொல்லை விட்டுவிட்டாலும் வினைமுற்று விடாது. அது கட்டாயம் பக்கம் சேரச் சொல்கிறது. ‘ஓடியது’ என்றால் ஆட்டுக்குட்டியைச் சொல்வது போல இருக்கிறது. பத்து நிமிஷம் தடுமாறிவிட்டு, கடைசியில் இருவரும் ‘ஃப்ரோல் ஓடுனாங்க, ஃப்ரோல் சண்டை போட்டாங்க’ என்று பேச ஆரம்பித்தோம். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்க நாம் வைத்திருக்கும் பலர்பால் விகுதி, இன்னும் எதுவாக ஆவது என்று முடிவு செய்யாத ஒரு பிள்ளைக்கும் இடம் கொடுத்தது. நாற்பது வருஷம் வாடிக்கையாளர்களிடம் ‘பேசுங்க, இருங்க’ என்று சொன்னவள் நான். அந்த விகுதிக்கு இப்படி ஒரு விசாலம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் அவள் கேட்டாள்: “ஆச்சி, கல்யாணத்துலருந்து தப்பிக்க ஒரு பரீட்சையா? நம்புற மாதிரியா இருக்கு?” நான் எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். 1978-ல் எனக்கு 19 வயது. வீட்டில் ஒரு வரன் பேசி முடிக்கும் நிலையில் இருந்தது. ஆபரேட்டர் வேலைக்கான தேர்வில் தேறினால் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறேன், தேறாவிட்டால் சொன்னபடி கேட்க வேண்டும் என்றார் அப்பா. நான் தேறினேன். மூன்று வருஷம் கழித்து, நானும் சம்மதித்த ஒருவரைக் கட்டிக்கொண்டேன். என் தங்கைக்கு அப்படி ஒரு தேர்வு வாய்க்கவில்லை, அவளுக்குப் பதினெட்டில் கல்யாணம். அந்தத் தங்கையின் பேத்திதான் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் ஒரு பெண், எங்குமே இல்லாத கிரகத்தின் பிள்ளை ஒன்றை வரைந்திருக்காவிட்டால் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நடந்திருக்காது.

முடிவில் எங்களுக்குள் சண்டையும் வந்தது. கப்பலில் இருக்கும் தாதா என்ற பையன் ஃப்ரோலிடம், பெண்ணாகி என்னைக் கட்டிக்கொள் என்று கேட்கிறான். “அவன் கேட்டான்ங்கிறதுக்காக, ஆணாகணும்னு வந்தவங்க மாறணுமா? ஹாகியோ இப்படிப் பண்ணலாமா?” என்று இவளுக்கு ஆத்திரம். கட்டளைப்படி பெண்ணாவது வேறு, ஒருவர் வந்து கேட்டு யோசித்துச் சொல்வது வேறு என்பது என் கட்சி. இரண்டு சாயங்காலம் வாதாடினோம். இன்னும் தீரவில்லை. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று இப்போது எனக்குப் படுகிறது.

எல்லாமே எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ‘சொபிட்ஸ்’ என்று எட்டுப் புத்தகம், 2000 முதல் 2002 வரை இளைஞர்களுக்கான வார இதழில் வந்தது. வரைந்தது கிளாம்ப் என்ற பெண்கள் குழு. பெண் உருவில் செய்த கம்ப்யூட்டர் ஒன்றை ஒரு மாணவன் குப்பையிலிருந்து எடுத்து வந்து, அதன்மேல் அன்பு வைக்கிறான். அதை இயக்கும் பொத்தானை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எழுத எனக்குக் கூசுகிறது. முதல் புத்தகத்தோடு மூடி வைத்தேன். கட்டுரையாளர் இதைக் கண்டித்திருந்தால் நானும் கூடச் சேர்ந்திருப்பேன், இது சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம் இல்லை, அட்டையிலேயே வயது போட்டிருக்கிறது. ஆனால் பேத்தி விடவில்லை. “கேக் கடைக்காரர் கதை வரைக்கும் மட்டும் படிங்க, ஆச்சி” என்றாள். படித்தேன். அந்தக் கடைக்காரர் அப்படி ஓர் இயந்திரப் பெண்ணையே மணந்துகொண்டவர். அவள் நினைவகம் பழுதாகிக்கொண்டே வருகிறது. நேற்று நடந்தது போகிறது, அப்புறம் கணவன் யார் என்பதும் போகிறது. புதிதாக ஒன்றை மாற்றிவிட்டால் இயந்திரம் ஓடும், ஆனால் தன்னோடு வாழ்ந்தவள் இருக்கமாட்டாள் என்பது அவருடைய கஷ்டம். என் கணவர் கடைசி ஒன்றரை வருஷம் பக்கவாதத்துக்கு அப்புறம் என்னை அவருடைய அக்கா என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். முதல் புத்தகத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. கேக் கடைக்காரரைப் பற்றி எது வேண்டுமானாலும் பேசத் தயார்.

மகோதோ யுகிமுராவின் ‘பிளானெட்டெஸ்’ கட்டாயம் சொல்ல வேண்டியது. 1999-ல் தொடங்கி 2004-ல் முடிந்தது, நாலே புத்தகம். 2070-களில், பூமியைச் சுற்றும் உடைந்த செயற்கைக்கோள் துண்டுகளைப் பொறுக்கும் தொழிலாளர்களின் கதை. துப்புரவுப் பணியாளர்கள்தான் கதாநாயகர்கள். வினாடிக்கு ஏழு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும்போது ஒரு திருகாணி போதும், கப்பலைத் துளைத்துவிடும். கதை முடிந்து ஐந்து வருஷத்தில், 2009 பிப்ரவரியில், ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோளும் செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோளும் சைபீரியாவுக்கு மேலே நிஜமாகவே மோதிச் சிதறின.

அந்தத் தொழிலாளர்களில் ஹச்சிமாகியும் தானாபேயும் விண்வெளியில் வேலைக்கு நடுவே ‘ஷிரிதோரி’ விளையாடுகிறார்கள். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். நம் அந்தாதிதான். ‘ன்’ என்ற எழுத்தில் முடிகிற சொல்லைச் சொன்னவர் தோற்றார், ஏனென்றால் ஜப்பானிய மொழியில் அந்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. நமக்கும் எந்தெந்த எழுத்து மொழிமுதலில் வராது என்று தொல்காப்பியம் கணக்கு வைத்திருக்கிறதே, அதே மாதிரி. ஆட்டத்தின் நடுவில் ஹச்சிமாகி, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பொருள்படும் தொடரைச் சொல்கிறான். அது ‘உ’ என்ற எழுத்தில் முடிகிறது. தானாபே ‘உன்’ என்கிறாள். ஜப்பானியரின் ‘உன்’ நம்முடைய ‘உம்’, சம்மதத்துக்குக் கொட்டுவது. ஆட்டத்தில் தோற்றாள், கல்யாணத்துக்குச் சம்மதித்தாள், இரண்டும் ஒரே சொல்லில். இதை இங்கிலீஷில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. ஜப்பானிய மொழி கற்றுவரும் பேத்திதான் பென்சிலால் எழுதிக் காட்டினாள். தமிழில் நேரடியாக மொழிபெயர்த்தால் இந்த இடம் இங்கிலீஷைவிட அழகாக உட்காரும் என்று உறுதியாகச் சொல்வேன். அந்தாதியும் நம்மிடம் இருக்கிறது, உம் கொட்டுவதும் இருக்கிறது.

மங்கா முன்னோடி ஒசாமு தெசுகாவின் ‘ஃபீனிக்ஸ்’ வரிசையில் 1970-71-ல் வந்த ‘உயிர்த்தெழுதல்’ என்ற பகுதியையும் போன மாதம் முடித்தோம். விபத்தில் செத்துச் செயற்கை மூளையோடு பிழைத்த ஒருவனுக்கு மனிதர்களெல்லாம் மண்ணுருண்டையாகவும், ஓர் இயந்திரம் மட்டும் அழகிய பெண்ணாகவும் தெரிகிறது. அதை விவரிக்க இன்னொரு கடிதம் வேண்டும்.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தபோது எனக்கு 13 வயது. பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்ததைப் பார்த்து, படக்கதை மூளையைக் கெடுக்கும் என்று என் கணக்கு வாத்தியார் பிடுங்கி வைத்துக்கொண்டார். அந்தப் பிரதி திரும்பி வரவே இல்லை. போன வருஷம் நான் போகும் ஒரு நூலகத்தில் இந்த மங்காக்களில் இரண்டை வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். படக்கதை என்றால் சிறுவர் பிரிவுக்குத்தான் போகும், காதல் கதை என்றால் சிறுவர் பிரிவில் வைக்க முடியாது, அதனால் வாங்க இயலாது என்று பதில் வந்தது. பெரியவர்கள் படிக்கும் படக்கதைக்கு அங்கே அலமாரியே இல்லை.

அதனால் தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பிதழில் மாதம் ஒரு முறை அரைப்பக்கம் ஒதுக்கி, இந்த மாதிரிக் கதைகளில் ஒன்றை எடுத்து, வயதில் பெரியவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் தனித்தனியாக எழுதுவதைப் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். ஒத்துப்போக வேண்டியதில்லை. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியும், அதில் எது வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லவும் வழி இருக்கும். முதல் மாதத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் நாங்கள் இருவரும் எழுதித் தருகிறோம். ஃப்ரோலும் தாதாவும் பற்றிய எங்கள் வழக்கு அப்படியே நிற்கிறது.

பேத்தி இப்போது பயிற்சிக்காகப் பெங்களூரில் இருக்கிறாள். இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுவாள். வேலை, சாப்பாடு, அறைத் தோழி என்று முதலில் ஏதோ பேசிக்கொண்டிருப்போம். அதெல்லாம் முடிந்த பிறகு, “ஆச்சி, எத்தனாவது பக்கத்துல இருக்கீங்க?” என்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ட்ரங்க் ஆபரேட்டர்,
பாளையங்கோட்டை.